டயருக்கு எண்ணெய்க் குளியல்

என் வீட்டுக்காரர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அவர் ஒரு கட்சி, ரேக்ளாப் பந்தயக் காளைகள் வளர்த்த அவருடைய அப்பா இன்னொரு கட்சி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நான், வாயைத் திறக்காமல் மோட்டார் சைக்கிள் கட்சியில் இருந்தேன்.

எனக்குக் காரணம் இருந்தது. அந்தத் தை மாதம் என் தங்கச்சிக்கு உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்தார்கள். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அம்மா வீடு வேலந்தாவளம் தாண்டி, நடந்து போகிற தூரமில்லை. அறுப்புக் காலம் என்பதால் பெரிய மாட்டு வண்டி நெல் சுமக்கப் போய்விட்டது. ரேக்ளா வண்டியோ ஓட்டுகிறவர் ஒருவர் மட்டும் உட்காரக்கூடியது. அந்தக் காளைகளுக்கு அறுப்பிலும் வேலை கிடையாது. தின்பதும் ஓடுவதும்தான்.

"கல்யாணத்துக்குப் போய்க்கலாம் தாயி. பொம்பளை மோட்டாருக்குப் பின்னால உக்காந்துட்டுப் போனா ஊரே சிரிக்கும்" என்றார் மாமா.

கூடப் பிறந்தவள் நிச்சயத்துக்கு நான் இல்லாமலா? கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கோயமுத்தூர் போய்ப் புது டயர் இரண்டு வாங்கி மாட்டினார். "ரோட்டை அப்பிடியே கவ்விப் புடிக்குமுங்கப்பா" என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பிடியா? வாய்க்கால் பாலத்துலிருந்து புளியமரம் வரைக்கும் என்ற காளைகளை முந்திக் காட்டு. மருமவளைக் கூட்டீட்டுப் போ."

நிச்சயத்தன்று காலையிலேயே பந்தயம் வைத்தார்கள். நான் பட்டுச் சேலை கட்டித் தயாராக வந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் கிண்ணத்தோடு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் குந்தியிருக்கிறார். பந்தயத்தன்று காளைகளுக்குக் கொம்பிலும் குளம்பிலும் எண்ணெய் பூசுவது அந்த வீட்டு வழக்கம். புது டயருக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்வாரா மனுஷன்? இரண்டு சக்கரத்துக்கும் சுற்றிச் சுற்றி விளக்கெண்ணெய் தேய்த்திருந்தார். டயர் மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

எங்கள் வாசலை ஒட்டிய பாலத்தில் துண்டை வீசினார்கள். காளைகள் பறந்தன. மோட்டார் சைக்கிளும் பெரிதாகத்தான் உறுமியது, ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பின்சக்கரம் மட்டும் சர்ரென்று சுற்றியது. அப்புறம் வண்டி பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்துப் பக்கவாட்டில் போனது. அவர் காலை ஊன்றி நிறுத்துவதற்குள் மாமா புளியமரத்தடியில் இறங்கி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் அதிகம்.

திரும்பி வந்த மாமா டயரைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். "ஏன்டா, எண்ணெய் தேச்சவன் அரப்புப் போட மறந்துட்டியா?"

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் காளைகளே மிரண்டன. ஜெயித்த குஷியில் மாமாவுக்கு இன்னொரு தடவை ஜெயிக்க ஆசை வந்துவிட்டது. "களுவீட்டு வாடா, இன்னொருக்கா பார்க்கலாம். பின்னால பாரமில்லாம வெறுஞ்சக்கரம் மண்ணைப் புடிக்குமா? ஒரு நெல்லு மூட்டையை வெச்சுக் கட்டு."

நான் உள்ளே ஓடி, தலையில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்க்கும் அரப்புத்தூளை அள்ளி வந்தேன். பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தேங்காய் நாரால் இரண்டு டயரையும் தேய்த்துக் குளிப்பாட்டினேன். என் வீட்டுக்காரர் மூட்டை தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அதுவரை மாமாவிடம் நான் நேருக்கு நேர் பேசியதே இல்லை.

"மூட்டையெல்லாம் களத்துல இருக்குதுங்க மாமா. அதுக்குப் பதிலா நானே உக்காந்துக்கறனுங்க."

சமையல் கட்டில் என் மாமியார் சத்தமாகச் சிரித்தார். மாமா என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், அரப்பு அப்பிய என் கையைப் பார்த்தார்.

"புளியமரம் வரைக்கும்தான் தாயி."

இந்த முறை டயர் வழுக்கவே இல்லை. கிளம்பிய வேகத்தில் என் தலை பின்னால் போய் வந்தது. காளைகளின் மணிச்சத்தம் பக்கத்தில் கேட்டது, அப்புறம் பின்னால் கேட்டது. புளியமரம் வந்தது. நான் அவர் காதில் சொன்னேன்: "நிறுத்திப் போடாதீங்க."

திரும்பிப் பார்த்தேன். மாமா ரேக்ளாவில் எழுந்து நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லித்தான் வீசினார் என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் பயந்துகொண்டே ஓட்டினார். போய் வா என்றுதான் வீசினார் என்று நான் சாதித்தேன்.

அம்மா வீட்டு வாசலில் இறங்கியபோது தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். புழுதித் தலையோடு, அரப்பு வாசம் வீசும் கையோடு உள்ளே நுழைந்தேன். குனிந்த தலை நிமிரக் கூடாத அந்த நேரத்தில், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் என் தங்கச்சி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.