கண்ணுக்கும் கைக்கும் வேறு வேறு வழி

நினைவு திரும்பிய மறுநாள் மகள் நீட்டிய பொருள் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. நீளமாக, சிவப்பாக இருந்தது. தொட்ட பிறகுதான் சீப்பு என்று புரிந்தது. நீட்டியவள் செல்வி என்பதையும் குரலை வைத்தே அறிந்தேன்.

நினைவு தப்பிய அன்று மழையில் நனைந்து வந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்கள் அறையில் தணல் சட்டியை வைத்து, கதவு சன்னலெல்லாம் சாத்திவிட்டுப் படுத்திருந்தேன். தணலின் நச்சுக்காற்று (வாசனையே இல்லாதது) மூளையைக் கெடுத்துவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் விளக்கடித்துப் பார்த்து, கண்ணில் குறையில்லை என்றார். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு (அனுமதிச் சீட்டு) கேட்டேன். பக்கத்தில் நின்ற, எங்களை வேலை வாங்கும் கங்காணி குறுக்கிட்டு, கூடையோடு மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்றார். எங்கள் உடம்பை அளக்க அவர்களிடம் வேறு அளவுகோல் ஏது?

போனேன். இளம்பச்சை தெரிந்தது, இலையின் உருவம் பிடிபடவில்லை. ஆனால் பாழாய்ப்போன கை நேராகப் போய்க் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

"நல்லாத்தானே எடுக்குற. பின்ன என்னா புள்ள நாடகம்?" என்றார் கங்காணி.

துண்டு கிடைக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து என் கணவர் ஹட்டனில் ரயிலேற்றி, அவராகவே கண்டிக்குக் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் ஒரு பேனாவைப் பிடித்து, நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. எடுக்கச் சொன்னார். கை தானாகத் திரும்பிச் சரியாக எடுத்தது.

கண் பார்ப்பது மூளைக்குள் இரண்டு வழியாகப் பிரிகிறதாம். ஒன்று பொருள் இன்னதென்று சொல்வது, மற்றது கையை நடத்துவது. எனக்கு முதல் வழி அடைபட்டிருந்தது. காட்சி அறிவிழப்பு (பார்த்தும் இன்னதென்று அறியாத நிலை) என்றார். மருந்தில்லை என்றும் சொன்னார்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? பத்து வயதுச் செல்வியே நம்பவில்லை. கொழுந்து தெரிகிற அம்மாவுக்குத் தன்னை மட்டும் தெரியாதா என்று அவளுக்குக் கோபம். என்னிடம் பேச்சையே குறைத்துக்கொண்டாள். அதுதான் என்னை அதிகம் வதைத்தது.

ஒரு மாலை லயத்துப் படியில் எனக்கு முன்னால் ஒரு சிறுமி வழுக்கினாள். நான் யோசிக்குமுன் என் கை அவள் தோளைப் பிடித்துவிட்டது.

"யாரு வீட்டுப் புள்ள நீ? அடிபட்டுச்சா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு அழுதாள். அழுகையில்தான் செல்வி என்று அடையாளம் தெரிந்தது.

"நெசமாவே என்னயத் தெரியலையாம்மா?"

இப்போது ஒரு முகம் என்னிடம் வந்துசேர நேரமாகிறது. குரல் வரும்வரை காத்திருக்கிறேன். கங்காணி இன்னமும் வாய் திறக்காமல் எதிரே வந்து நின்று சோதிக்கிறார். செல்வி மட்டும், பள்ளிக்கூடம் விட்டால் லயத்து முனையிலிருந்தே எதையாவது சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறாள்.