படங்குக் கயிறும் கங்காணியின் கண் கிளினிக்கும்

தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்குக் கையில்தான் வேலை என்று நினைக்கிறவர்கள் எங்கள் இடுப்பைப் பார்த்ததில்லை. கூடை தலையில் தொங்கினாலும் அந்தப் பாரம் வயிற்றில்தான் வந்து இறங்கும். மலை ஏறுகிற அக்கா தங்கச்சிமாருக்கு இது தெரியாததில்லை. உங்களில் யாராவது என்னைப் போல ஒன்றை மறைத்துக்கொண்டு ஏறுகிறீர்களோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

படங்குக்குக் கீழே

சின்ன மகள் பிறந்து ஐந்து மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். அப்போதே தொப்புளுக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு இருந்தது. இருமினால் வெளியே வரும். படுத்தால் உள்ளே போய்விடும். பிள்ளை பெற்ற வயிறு இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

தேயிலைக் கிளை குத்தாமலும் ஈரம் ஏறாமலும் இருக்க இடுப்பைச் சுற்றி நாங்கள் கட்டுகிற படங்குச் சாக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. பழைய சீலைத் துண்டை நாலாக மடித்துப் புடைப்பின் மேல் வைத்து, மேலே படங்கைச் சுற்றி, கயிற்றை மூச்சு முட்ட இறுக்குவேன். பக்கத்து நிரையில் பறிக்கிற சரோஜா அக்காவுக்குக் கண் கூர்மை. துணி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என்னடி, சின்னவ இன்னும் தவழவே இல்ல, அதுக்குள்ள மூணாவதா?"

வாய்வு மாத்திரை

பகல் நிறுவைக்குக் கொழுந்தை இறக்கும்போது சுருக்கென்று வலிக்கத் தொடங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். மருந்து கொடுக்கிற ஐயா எங்கே வலி என்று கேட்டார். சீலைக்கு மேலேயே கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் கையைக் காட்டினேன். "படுங்கம்மா, பாப்போம்" என்றார். "வேணாங்க, வாய்வுதான்" என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

அடுத்த முறையும் அப்படித்தான். மூன்றாவது முறை அவர் மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நோயையும் நீங்களே சொல்றீங்க, மருந்தையும் நீங்களே கேக்குறீங்க, நான் எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கேன்?"

பீலியடியில்

மலைத் தண்ணீர் கொட்டுகிற, நாங்கள் குளிக்கிற பீலியடியில் ஒருநாள் நனைந்த துணி ஒட்டிக்கொண்டு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நெல்லிக்காய் அதற்குள் வளர்ந்து தேசிக்காய் ஆகியிருந்தது. இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம், ஓரிடத்தில் புண். சரோஜா அக்கா வழக்கம்போலக் கிண்டல் பண்ணுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"இதைக் கட்டிக்கிட்டா இத்தன நாளா மலை ஏறுன? நாளைக்கு பதுளை ஆஸ்பத்திரிக்கு நீயாப் போறியா, இல்ல லயத்துச் சனத்தையே கூட்டிக்கிட்டு நான் கொண்டு போகவா?"

ஒரே வாங்கு

பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் உட்காருகிற நீள வாங்கு நிறையச் சனம். ஒரு மூலையில் இடம் பிடித்து உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தால் மலையில் எங்களை வேலை வாங்குகிற கங்காணி. மலையில் அவர் சத்தம் மூன்று நிரை தாண்டிக் கேட்கும். அன்றைக்கு என்னைக் கண்டதும் வாங்கின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"என்ன பிள்ளை, இங்க?" என்றார். "சின்னவளுக்கு ஊசி போடங்க" என்றேன். மடியில் சின்னவள் இல்லை. "நீங்க, ஐயா?" என்றேன். "நான் கண்ணு காட்ட வந்தேன்" என்றார். எதிரே கதவில் அறுவைச் சிகிச்சைக் கிளினிக் என்று மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது. இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியும்.

தாதி மிஸ் வெளியே வந்து தனக்குத் தெரிந்த தமிழில், "ஹர்னியா ஆள் ரெண்டு பேர் வாங்க" என்றார். நாங்கள் ஒன்றாக எழுந்து நின்றோம். எனக்குத் தொப்புளில்; அவருக்கு அடிவயிற்றுக்குக் கீழே, எழுத வெட்கமான இடத்தில். பல வருஷமாக சைக்கிள் டியூப்பை வெட்டி வேட்டிக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் எங்களை மேய்த்தாராம், அவரே சொன்னார். கதவுக்குள் நுழையும் முன் மெதுவாகச் சொன்னார்: "மலைக்குப் போய் வாயைத் திறந்துடாத பிள்ளை, நானும் திறக்க மாட்டேன்."

டாக்டரம்மா

உள்ளே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. பெண் என்றதும் பாதி உயிர் வந்தது. வயிற்றுச் சுவரில் பலவீனமான இடத்தில் ஓட்டை விழுந்து, உள்ளே இருக்கிற கொழுப்போ குடலோ அந்த வழியாக வெளியே தள்ளுகிறது, இதுதான் ஹர்னியா, குடலிறக்கம் என்றார். மாத்திரையில் மாறாதாம். வெளியே வந்ததை உள்ளே தள்ளி, ஓட்டையைத் தைத்து, தேவைப்பட்டால் மேலே ஒரு வலைத் துண்டும் வைப்பார்களாம். தேயிலைக் கன்றுகளுக்கு மேலே கட்டுகிற நிழல் வலை என் ஞாபகத்துக்கு வந்தது.

ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னார். புடைப்பு உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உடனே வரவேண்டும். நான் கயிறு கட்டுகிற கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்தார். "உங்கட கயிறு வெளியில நிக்குது பிள்ளை, ஓட்டை உள்ளுக்கெல்லோ இருக்கு."

தூக்கக்கூடாத ஆறு கிழமை

எனக்கு ஒப்பரேஷன் முடிந்தது. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். அதைவிடக் கஷ்டம் வீட்டில் இருந்தது. ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, பாரம் தூக்கக் கூடாது. சின்னவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். நான் தரையில் உட்கார்ந்து அவளாக மடியில் ஏறட்டும் என்று காத்திருப்பேன். ஏறத் தெரியாமல் அவள் அழ, நானும் அழுவேன். பீலியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் தண்ணீர்க் கேனை இறக்கிவைத்தார். "தண்ணியையும் நான் தூக்குறேன், அவளையும் நான் தூக்குறேன், நீ அழுகையை மட்டும் நிப்பாட்டு."

கண் நல்லாத்தான் இருக்கு

மலைக்குத் திரும்பிய அன்று படங்கைத் தளரக் கட்டினேன். கங்காணிக்கும் ஒப்பரேஷனுக்கு ஒரு நாள் குறித்திருந்தார்கள். அவர் போகவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. காலை அகட்டி வைத்து, கல்லைக் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தார். ஆறு கிழமை தான் இல்லாவிட்டால் மலை சரிந்துவிடும் என்று நினைப்பு. சுற்றி எல்லாரும் நின்றதால், "ஐயா, கண்ணு எப்படிங்க?" என்று மட்டும் கேட்டேன். முகம் சிவந்தது. "கண்ணுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு, நீ கொழுந்தைப் பாரு."

வாயைத் திறந்த நாள்

பத்து நாள் கழித்து, காலைத் தேத்தண்ணி நேரம். கங்காணி மழைத்தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் குந்தியிருந்து வாந்தி எடுத்தார். பித்தம் என்றார்கள், வெயில் என்றார்கள். அவர் கை அடிவயிற்றை விட்டு நகரவில்லை. வேட்டிக்கு மேலாக டியூப்பை இன்னும் இறுக்கப் பார்த்தார். சரோஜா அக்கா சோடாப் போத்தலைத் திறந்துகொண்டு வந்தார்.

கொடுத்த வாக்கு ஒரு பக்கம், எழுதவே வெட்கப்படுகிற இடம் ஒரு பக்கம். போத்தலைப் பிடுங்கினேன். "குடுக்காதீங்கக்கா. இது பித்தம் இல்ல. குடல் இறங்கி மாட்டிக்கிச்சு. அவருக்கு ரொம்ப நாளா இருக்கு. அந்தக் கட்டை அவுக்கச் சொல்லுங்க." பின்னாலிருந்து ஒருத்தி, "கங்காணிக்கு அங்க இருக்கிறது உனக்கு எப்படிடி தெரியும்?" என்று சிரித்தாள்.

வாழ்க்கையில் நான் செய்யமாட்டேன் என்று நினைத்திருந்ததைச் செய்தேன். படங்குக் கயிற்றை அவிழ்த்து, சீலையை ஒதுக்கி, தொப்புளுக்கு மேலே இருந்த தழும்பைக் காட்டினேன். "எனக்கும் இருந்துச்சு. கிளினிக்ல ஒரே வாங்குலதான் உக்காந்திருந்தோம்." சிரித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சரோஜா அக்கா சோடாவைக் கானில் ஊற்றினார். "லொறியைக் கூப்பிடுங்கடி, கொழுந்து நாளைக்கும் துளிர்க்கும்."

வார்டில்

அன்றைக்கே ஒப்பரேஷன் செய்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் குடலில் ஒரு துண்டை வெட்டவேண்டி வந்திருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை நானும் சரோஜா அக்காவும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனோம். கங்காணி என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாக்கை மீறியவள் அல்லவா, நானும் கட்டில் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்கிற நேரம் முடிய மணி அடித்தது. புறப்பட்டபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. மலையில் கேட்கிற குரல் இல்லை.

"பிள்ளை, ரெண்டாம் லயத்துல செடிக்கு மருந்தடிக்கிற கந்தனுக்கும் ரொம்ப நாளா கண்ணு சரியில்ல, ஒருக்காக் கூட்டிட்டு வந்து காட்டு."

இப்போது எங்கள் மலையில் யாராவது கண் காட்டப் போகிறேன் என்றால், நாங்கள் முதலில் அவர் இடுப்பைத்தான் பார்க்கிறோம்.