ஏழால் வகுத்த ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் என் மகளுக்குக் கணக்குப் பரீட்சை. பின்னமும் தசமமும். திருவொற்றியூரில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கும் எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. படித்த காலத்தில் பின்னம் என்றாலே எனக்குப் பயம். அதனால் சொல்லிக்கொடுக்கப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ரஃப் நோட்டு தீர்ந்துபோனதால் வாசலுக்கு வெளியே, பொதுநடையின் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். பின்னங்களைத் தசமமாக மாற்ற வேண்டும். அரை, கால், அரைக்கால் எல்லாம் சட்டென்று முடிந்தன. மூன்றில் ஒன்று முடியவில்லை. மூன்று, மூன்று, மூன்று என்று வந்துகொண்டே இருந்தது.

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன்மா," என்று அழுதாள்.

அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் மூன்று. எனக்கும் தெரியவில்லை. "அத்த வுட்டுட்டு அடுத்த கணக்கப் போடு," என்றேன்.

அடுத்தது ஏழில் ஒன்று. ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு என்று இலக்கங்கள் வந்தன. அதுவும் முடிவதாக இல்லை. வகுத்துக்கொண்டே பக்கத்து வீட்டு வாசல் வரை போய்விட்டாள். அந்த வீட்டு அக்கா காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து விற்பவர். வெளியே வந்து பார்த்தார்.

"இன்னாம்மே, கோலமா?"

"கணக்குக்கா. முடியவே மாட்டேங்குது."

அக்கா குனிந்து பார்த்தார். "வந்ததே திரும்பத் திரும்ப வந்துகினு கீது, பாரு."

மகள் எழுந்து நின்று, எழுதியதை முதலிலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு மீதியாக விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ம்மா, ஏழால வகுத்தா மீதி ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும்தான் வரமுடியும். எல்லாம் வந்துட்டா பழைய மீதிதான் வந்தாவணும். அப்ப மறுபடியும் மொதல்லேருந்துதான். தப்பு இல்லமா. அது அப்டித்தான்."

யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. கையெல்லாம் மீன் செதிலோடு எழுந்து போய்ப் பார்த்தேன். நான் பயந்து ஓடிய கணக்குக்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருந்திருக்கிறது. நாங்கள் நிறுத்தினாலும் அது நிற்காது. எண்ணூர் தாண்டி, கடல் தாண்டி எழுதிக்கொண்டே போனாலும் அதே வரிசையில்தான் வரும்.

அவள் அதோடு விடவில்லை. ஏழில் இரண்டைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ம்மா! அதே நம்பருங்கதாம்மா! வேற எடத்துலேருந்து கெளம்புது!"

அந்த நேரம் என் வீட்டுக்காரர் வந்தார். ஹார்பருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். ராத்திரி முழுக்க வரிசையில் நின்றுவிட்டுத் தூங்க வந்த மனிதர், படியேறியதும் அப்படியே நின்றுவிட்டார்.

"காலை எங்க வெக்கறது?"

"மிதிக்காத நைனா!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரை ஒட்டி ஒருக்களித்து நடந்து வந்தார். அவள் விளக்கிச் சொல்ல, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். புரிந்ததோ இல்லையோ, சாப்பிட்டதும் படுக்கப் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஏழுல மூணு இன்னா வருது, போடு," என்றார். அதிலும் அதே இலக்கங்கள்தான். சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள்கூடக் குடத்தை இடுப்பில் வைத்தபடி ஓரமாகவே போனார்கள்.

பரீட்சையில் இதெல்லாம் கேட்கவில்லை. இரண்டு தசம இடங்களோடு நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், நிறுத்திவிட்டு வந்தாள். மார்க் சுமார்தான். பேப்பர் கொடுத்த அன்று டீச்சரிடம் ஏழைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். "அது ஒன்பதாவதுல வரும்" என்றாராம் டீச்சர்.

வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஒன்பதாவது வரைக்கும் எப்டிமா காத்துகினு இருக்கறது? பதிமூணால வகுத்தா இன்னா வரும்னு இப்பவே பாக்கலாம், வா."