மூன்று டிகிரி ஏரம்பமூர்த்தி

"என் கையெழுத்துக்கு மேலே இதுவரைக்கும் ஒரு தப்பான எண் இருந்ததில்லை. இனிமேலும் இருக்காது!"

சிராங்கூன் சாலை உணவகமொன்றின் மாடியில், தம் இருபத்தைந்தாண்டுப் பணியைக் கொண்டாடிய விருந்தில், பாதி சாப்பிட்ட இலைக்கு முன்னால் எழுந்து நின்று ஏரம்பமூர்த்தி இவ்வாறு முழங்கினார். பாயசம் வரும் நேரமாதலால் எல்லாரும் உடனே கைதட்டினார்கள்.

அவர் பணி பூன் லேயில் ஓர் ஆய்வகத்தில். வெப்பம் காட்டும் கருவிகள் யாவும் கொஞ்சமாவது பொய் சொல்லும். எவ்வளவு பொய் என்று கண்டுபிடித்து, அதற்கான திருத்தத்தை மென்பொருளில் ஏற்றி, அவற்றை உண்மை பேச வைப்பதே அவர் தொழில். அளவுத்திருத்தம் என்பார்கள். சுவா சூ காங் வட்டாரத்திலுள்ள தம் வீட்டிலும் அவர் ஓய்வதில்லை. மனைவி மங்களம் பால் காய்ச்சினால் பக்கத்தில் நின்று டிகிரி அறிவிப்பார். பால் ஒருநாளும் அவரைக் கேட்டுப் பொங்கியதில்லை என்பது மங்களத்தின் கட்சி.

விருந்து முடிந்து ஆறாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, புக்கிட் மேராவில் ஒரு கிளினிக்கிலிருந்து தாதி தாரணி அழைத்தார்.

"அங்கிள், தடுப்பூசி ஃபிரிட்ஜ் ஸ்க்ரீன்ல ரெண்டு புள்ளி ஆறு காட்டுது. நான் வாங்கி வச்ச சின்ன தெர்மாமீட்டர் மைனஸ்ல நிக்குது. உறைஞ்சிருந்தா ஊசி வேலை செய்யாது லா. ரெண்டு மணிக்கு பதினோரு பேபி வருது. போடட்டுமா, வேணாமா?"

'அங்கிள்' என்றதையே அவரால் செரிக்க முடியவில்லை.

"அது எங்க வாங்கினது?"

"தேக்கா மார்க்கெட்ல. விலை பதினெட்டு வெள்ளி."

"பதினெட்டு வெள்ளி! தூக்கிப் போடுங்க, சிஸ்டர். அந்த ஸ்க்ரீன் போன மாசம் நானே வந்து செட் பண்ணினது."

"அப்ப எழுதிக் குடுங்க. போட்டுடறேன்."

எழுதுவதைவிட நேரில் போய் நிரூபிப்பதே தம் தகுதிக்கு ஏற்றது என்று முடிவு செய்து, மற்றக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தின் ஆதாரக் கருவியைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு டாக்சி ஏறினார்.

ஒன்றே காலுக்கெல்லாம் கிளினிக்கில் நான்கு தாய்மார்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு குழந்தை ஊசியை முன்கூட்டியே நினைத்து அழுதுகொண்டிருந்தது. ஏரம்பமூர்த்தி கருவியின் முனையை மருந்துகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்தினார். எண் நிலைக்க இருபது நிமிடம் ஆகும். தாரணி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான்கு டிகிரி.

"கதவைத் திறந்தோம்ல, அதான் சூடு. இறங்கும்."

இறங்கியது. இரண்டு புள்ளி ஆறில் நிற்குமென்று எதிர்பார்த்துப் புன்னகையைத் தயாராக வைத்திருந்தார். எண் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனது. ஒன்று. அரை. பூஜ்யம். கழித்தல் பூஜ்யம் புள்ளி நான்கில் வந்து அசையாமல் நின்றது. பதினெட்டு வெள்ளியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

தாய்மார்களைச் சமாளிக்கத் தாரணி வெளியே போனார். ஏரம்பமூர்த்தி மென்பொருளைத் திறந்தார். போன மாதம் ஃபிரிட்ஜின் கருவி உண்மையைவிட ஒன்றரை டிகிரி கூட்டிக் காட்டியது. ஆகவே திருத்தம் கழித்தல் ஒன்றரை. திரையிலோ கூட்டல் ஒன்றரை உட்கார்ந்திருந்தது. பொய்யின்மேல் அதே அளவு பொய். மொத்தம் மூன்று டிகிரி. திரை சூடு என்று சொன்னதை நம்பிய தாதிகள் ஃபிரிட்ஜைக் குளிரவைத்துக் குளிரவைத்து உறைநிலைக்கே கொண்டுபோயிருந்தார்கள்.

ஒரு விசையைத் தட்டினால் குறி மாறிவிடும். ஃபிரிட்ஜ் பழசு என்று சொல்லிவிடலாம்; அது மறுத்துப் பேசாது. அவர் விரல் விசைக்கு மேலே கணிசமான நேரம் நின்றது.

தாரணி திரும்பி வந்தார். "என்ன அங்கிள், ஃபிரிட்ஜ் கெட்டுப் போச்சா?"

"ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப?"

"உங்க தெர்மாமீட்டரும் நல்லா இருக்கு." விரலை எடுத்துக்கொண்டார். "இன்னைக்கு யாருக்கும் போடாதீங்க. நான் வந்துட்டுப் போன நாள்லேருந்து ஊசி போட்ட பிள்ளைங்க லிஸ்டை டாக்டர்கிட்ட குடுங்க. எல்லாரையும் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"முப்பத்தெட்டு பேர், அங்கிள்."

"முப்பத்தெட்டு பேரையும்தான். தப்பு நடந்தா எழுதற ஃபார்ம் ஒண்ணு தாங்க."

'காரணம்' என்ற கட்டத்தில், கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டேன் என்று தெளிவாக எழுதி, கீழே கையெழுத்திட்டார்.