எச்சில் படாத சிலேட்டு

நான் இரண்டாம் வகுப்பில் இருந்த வருஷம் மழை எங்கள் ஊரை மறந்துவிட்டது. மறக்காமல் வந்தவர் வாத்தியார் ஒருவர்தான். வற்றிய குளத்துக்குள் அம்மை குழி தோண்டி ஊற்று எடுத்திருந்தாள். விடிந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் குடத்தை நிறைப்பது என் வேலை. வீட்டில் இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

"வா மக்கா. கொளத்த வத்த வச்சிட்டுத்தான் வாறியா?" என்பார் வாத்தியார்.

அந்தப் பாதிப் படிப்பும் அம்மைக்குக் கண்ணை உறுத்தியது. "இன்ஸ்பெக்டரு வந்து ஒன்ன மூணாங்கிளாசுக்கு விட்டாருன்னா போ. இல்லன்னா நாள் முழுக்க ஊத்துதான் ஒனக்குப் பள்ளிக்கூடம், பாத்துக்க" என்றாள்.

எங்களுக்கோ சிலேட்டை அழிக்கவே வழியில்லை. மழைக்காலத்தில் சுவரோரம் முளைக்கும் நீர்த்தண்டுச் செடியை ஒடித்து அதன் சாற்றால்தான் அழிப்போம். அந்த வருஷம் சுவர் மட்டும்தான் இருந்தது. எச்சில் தொட்டு அழித்தால் சரஸ்வதி கோபிப்பாள் என்று வாத்தியார் பிரம்பை எடுப்பார். சரஸ்வதி ஒருநாளும் எங்களை அடித்ததில்லை. ஆகவே திங்கட்கிழமை போட்ட கணக்கு வெள்ளிக்கிழமையும் சிலேட்டிலேயே குடியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளிக்கிழமைதான் வந்தார். "எல்லாரும் சிலேட்ட அழியுங்க, கணக்கு சொல்லுகேன்" என்றார். ஒருவரும் அசையவில்லை. வாத்தியாருக்கு முகம் வெளுத்தது. நாற்காலிக்குப் பின்னால் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த மூக்குச் செம்பை, அந்தக் கிண்டியை எடுத்தார். அதில் தண்ணீர் இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். சிலேட்டைத் துடைக்கச் சொல்லி ஆளுக்கு ஒரு கை ஊற்றினார்.

எல்லாரும் குடித்துவிட்டார்கள்.

நானும்தான் குடித்தேன். ஆனால் ஊற்றங்கரையில் படித்தவள் ஆயிற்றே, ஈரத்தை வீணாக்குவேனா? நனைந்த உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்து வைத்தேன். இன்ஸ்பெக்டர் சொன்ன கணக்கு எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் எழுதவில்லை. அவர் வரிசை முழுக்கத் திங்கட்கிழமைக் கணக்கைப் பார்த்துக்கொண்டே வந்து என் வெறும் சிலேட்டின் முன்னால் நின்றார்.

"இந்தக் குட்டி மட்டுந்தான் சொன்ன பேச்சக் கேட்டிருக்கா" என்று என்னை மூன்றாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார். வாத்தியார் காலிக் கிண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மை சொன்ன சொல் மாறாதவள். பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை. உள்ளே போய்ப் பெரிய குடத்தை எடுத்து வந்து என் இடுப்பில் வைத்தாள்.

"மூணாங்கிளாசுக்காரிக்கு அந்தச் சின்னக் கொடம் ஆகாதுட்டி."