தனிச் சட்டியில் காய்ச்சிய கூழ்

ஒரு பல்கலைக்கழகத்தின் சமய ஆய்வு மையத்தில் எனக்கு வேலை. எல்லா மதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற இடம். வெளியே சொன்னால் யாருக்கும் புரியாது. “சாமியப் பத்திப் படிக்கறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?” என்று செவ்வாப்பேட்டையில் ரயிலுக்கு நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். கொடுக்கிறார்களே, நான் என்ன செய்ய! நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து கதை கேட்கிறேன். அதற்குக் களப்பணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல வேலை எனக்கு எங்கே கிடைக்கும்?

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு லைன் வீட்டு வரிசை. அங்கே எதிரெதிர் வீட்டில் இரண்டு பெண்கள். ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை, ஒரே வேன். ஒருவர் ஆடி தவறாமல் அம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். இன்னொருவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். சபையில் எல்லோரும் சிஸ்டர் என்பதால் எனக்கும் அவர் சிஸ்டர்தான். மகள் நிமோனியாவில் கிடந்தபோது, பிழைத்தெழுந்தால் படையல் சோற்றை இனித் தொட மாட்டேன் என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தவர். மகள் எழுந்தாள். அதற்குப் பிறகு சிஸ்டர் ஒரு வாய் கோயில் சுண்டல்கூடத் தொட்டதில்லை.

எங்கள் மையத்தின் படிவத்தில் ஒரு கேள்வி: பிற சமயத்தார் படைத்த உணவை உண்பீர்களா? சிஸ்டர் பட்டென்று இல்லை என்றார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் அதே வாயால், ஆடியில் அக்கா வீட்டுக் கூழை வயிறு முட்டக் குடிப்பேன் என்கிறார்! எனக்குத் தலை சுற்றியது. அக்காதான் விளக்கினார்.

“கோயிலுக்குக் காய்ச்சறதுக்கு முன்னாடியே தனி அடுப்புல, தனி சட்டில இவளுக்குன்னு காய்ச்சிடுவேன். படையலுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது.”

“உங்க மாமியார் ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லாம? ஆத்தாவுக்கு முன்னாடி அவளுக்கான்னு ஒரு மாசம் ஒரே பேஜாரு. ஆத்தாவே கேக்கல, நீ இன்னாத்துக்குக் கேக்கறேன்னு உட்டேன்.”

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். நோட்டும் பேனாவுமாகப் போன என் இடுப்பில் அக்கா ஒரு குடத்தை ஏற்றிவிட்டார். கோயிலில் எல்லா வீட்டுக் கூழையும் ஒரே அண்டாவில் கொட்டிப் படைத்தார்கள். படைத்த கூழை அக்கா வீட்டுக்கென்று ஒரு தூக்குச்சட்டியில் வாங்கிவந்து நானே அடுப்படியில் வைத்தேன். மறுபடியும் கோயிலுக்கு ஓடிப்போய் அக்காவோடு கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணி இருக்கும். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னார்: “சர்ச்சு உட்டிருக்கும். காலைலேர்ந்து பட்டினியா இருப்பா. அடுப்படில அவ சட்டி இருக்குது, நீ போய்க் குடுத்துட்டு வந்துடும்மா.”

போனேன், கண்ணில் பட்ட தூக்கை எடுத்தேன், கொடுத்தேன். சிஸ்டர் மூடியைத் திறந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தார். “அக்கா கையி அக்கா கையிதான்” என்று ஏப்பம் விட்டார். எனக்கும் ஒரே பெருமை.

ஊற்றி முடித்து அக்கா வீட்டுக்கு வந்ததும், அடுப்புக்குப் பின்னால் தட்டு போட்டு மூடியிருந்த மண்சட்டியைத் திறந்து பார்த்தார். கூழ் அப்படியே இருந்தது. “அப்போ நீ எதக் குடுத்தே?” என்றார். நானே கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்ததை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் ஒரு மடத்தனம் உண்டா?

“அக்கா, ரெண்டும் ஒரே கேவுரு மாவுதானே. சொல்லாம விட்டுடலாம். அவங்களுக்குத் தெரியவே போறதில்ல” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! “இன்னா பேசற நீ? சாமியப் பத்திப் படிச்சவதானே? எத்தினி வருசமா ஒரு வார்த்த கேக்காம என் கையால வாங்கிக் குடிச்சிக்கினு இருக்கா. அவகிட்ட நான் மறைக்கறதா?”

முகத்தைக்கூடக் கழுவாமல், மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வாசற்படியிலேயே நின்று, “தப்பு நடந்துபோச்சு. நீ குடிச்சது படைச்சது” என்றார். நான்தான் மாற்றிக் கொடுத்தேன் என்று சொன்னேன். சிஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து முட்டி போட்டார். வாய் மட்டும் அசைந்தது. அக்கா சட்டியைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றார். மகளுக்காகக் கொடுத்த வாக்கு அல்லவா அது! இனி இந்த இரண்டு பேரும் ஒரே வேனில் எப்படிப் போவார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிஸ்டர் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

“தெரியாம குடிச்சதுக்கு ஆண்டவர் கோச்சிக்க மாட்டாரு. தெரிஞ்சும் நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா, நான்தான் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்” என்றார். பிறகு சட்டிக்காகக் கையை நீட்டினார். “குடு. ரெண்டு சொம்பு குடிச்ச வயிறு, இருந்தாலும் எனக்குன்னு காய்ச்சினத உடுவேனா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊற்றினார். சிஸ்டர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

“க்கா, அடுத்த ஆடிக்கும் எனக்குத் தனியா காய்ச்சி வை. ஆனா இந்தப் படிச்ச பொண்ணு கையில மட்டும் குடுத்து அனுப்பாத.”