பந்தலுக்கு வந்த உப்பு

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சும்மா இருக்க வேண்டியதுதானே? என் வீட்டுக்காரர் சாத்தான்குளத்துக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் செம்மணலை வாங்கி, கல்தூண் நட்டு, பன்னீர் திராட்சைக்குப் பந்தல் போட்டார். முருங்கை வைக்கிற ஊரில் திராட்சையா என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. முதல் அறுவடையோடு வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் அவரைவிட எனக்குத்தான் அந்தப் பந்தல் பைத்தியம்.

போன தை மாதம் கவாத்து வெட்டினோம். கொடியை மொட்டையாக வெட்டிவிட்டால், துளிர்த்துப் பூத்துக் காய் பிடிக்கும்வரை தண்ணீர் தவறக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க நின்று பெய்கிற மழை இப்போதெல்லாம் எங்களுக்கு வாய்ப்பதில்லை. அந்த முறையும் இரண்டே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கடலுக்கு ஓடிப்போனது. மாசி பிறக்கும் முன்பே சித்திரை வெயில். தளிர் விரல் நீளம் வந்தபோது போர் குழாயில் காற்றுதான் வந்தது.

ஆழப்படுத்தினோம். தண்ணீர் பீறிட்டதும் இவர் கை நிறைய ஏந்திக் குடித்தார்.

“ஏளா, நல்ல தண்ணி! நீயும் குடிச்சிப் பாரு.”

குடித்தேன். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பக்கம் யாரும் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவதில்லை; நாக்கில் விட்டுப் பார்த்தே தீர்ப்பு சொல்லிவிடுவோம்.

மூன்றே வாரத்தில் இலை ஓரங்கள் கருகின. தண்ணீர் போதவில்லை என்று இவர் இன்னும் கூடுதல் நேரம் மோட்டாரை ஓட்டினார். விட விடக் கருகல் கூடியது. காலையில் பந்தலுக்குள் நுழையவே எனக்குப் பயமாக இருந்தது.

கவாத்து வெட்டக் கம்பத்திலிருந்து வந்திருந்த திராட்சைக்காரரைத் திரும்ப வரவழைத்தோம். அவர் இலையைப் பார்க்கும் முன்பே தாகத்துக்குக் குழாயில் வாய் வைத்தார். அப்படியே துப்பினார்.

“என்னங்க இது, இவ்வளவு உப்பு? இதையா கொடிக்கு விடுறீங்க?”

“நாங்க பொறந்ததுலேருந்து இப்படித் தண்ணியத்தான குடிக்கோம்?” இவருக்கு ரோஷம்.

“நீங்க குடிச்சிருவீங்க. கொடி தாங்காதுங்க. இன்னைக்கே நிறுத்துங்க.”

எனக்கு என் நாக்கின் மேல்தான் ஆத்திரம் வந்தது. மழை ஊறாத மண்ணுக்கடியில் கடல் மெல்ல உள்ளே வந்திருக்கிறது. உப்புத் தண்ணீரிலேயே வளர்ந்த எங்களுக்கு அது தெரியவில்லை.

லாரித் தண்ணீர் சொன்னோம். ஒரு நாளைக்கு ஒரு லாரிக்கு மேல் கிடையாது என்றார்கள். அது பத்து வரிசைக்குக் காணும். பந்தலில் இருந்ததோ முப்பது வரிசை.

“எந்தப் பத்து?” என்று கேட்டேன்.

இவர் தூணைப் பிடித்தபடி நின்றார். “மழை வரும்ளா. அதுவரைக்கும் எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடுவோம்.”

“கொஞ்சம் கொஞ்சமா விட்டா முப்பதும் போயிரும்.”

கருகல் குறைவாக இருந்த பத்து வரிசைகளின் தூண்களில் நானே பழைய துணியைக் கிழித்துக் கட்டினேன். மற்ற வரிசைகளின் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனேன். பதினெட்டாவது வரிசையில், இலையெல்லாம் தீய்ந்த ஒரு கொடியில், பச்சையாக ஒரு பூங்குலை வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வால்வையும் மூடினேன்.